இழத்தலும் விடுதலும்: ‘ஹோஜோக்கி’ – ஒரு திறனாய்வு

நிலையாமை தமிழ் மாணவர்க்குப் புதிய பொருள் அன்று. அறநூல்கள் அதனை அதிகாரம் வகுத்து உரைக்கின்றன. காப்பியங்கள் கதையாக்கிக் காட்டுகின்றன. சித்தர் பாடல்கள் முகத்தில் அறைந்தாற்போல் சொல்கின்றன. ஆயினும் வகுப்பறையில் அது பெரும்பாலும் மனப்பாடப் பொருளாகவே நின்றுவிடுகிறது. செல்வம் நில்லாது என்று எழுதி மதிப்பெண் பெறும் மாணவன், தன் வீட்டுப் பொருளெல்லாம் ஒரே இரவில் வெள்ளத்தோடு போகும்போது என்ன செய்வான்? கையை விட்டுப் போன பொருள் மனத்தை விட்டும் போய்விடுமா? போகத்தான் வேண்டுமா?

இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் ஊன்றிப் படிக்கத்தக்க சிறுநூல் ஒன்று ஜப்பானிய இலக்கியத்தில் உண்டு. 1212-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ‘ஹோஜோக்கி’ என்பதே அது. ‘பத்தடிச் சதுரக் குடிலின் குறிப்பு’ என்று அப்பெயரைத் தமிழில் கூறலாம். ஒரே அமர்வில் படித்து முடித்துவிடக்கூடிய இந்நூல், ஜப்பானியப் பழங்கட்டுரை இலக்கியத்தின் மூன்று சிகரங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. பின்னாளில் பெரும் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற நட்சுமே சோசெக்கி, தம் மாணவப் பருவத்தில், 1891-ஆம் ஆண்டில், இதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார் என்பது இதன் ஈர்ப்புக்கு ஒரு சான்று.

நிலையாமை பேசும் நூல் என்று சொல்லி இதனை ஒதுக்கி வைத்துவிடுவோர் பலர். அம்மதிப்பீடு முழுமையானது அன்று. இந்நூலின் தனிச்சிறப்பு, இழத்தல் வேறு, விடுதல் வேறு என்பதை உணர்த்துவதில் உள்ளது. இயற்கை மனிதனை இழக்கச் செய்யும்; விடச் செய்யாது. விடுதல் மனிதன் தானே கற்க வேண்டிய பாடம். கற்றுவிட்டதாக நினைக்கும்போதும் முடியாத பாடம்.

நூலாசிரியரின் வாழ்வு

நூலாசிரியர் காமோ நோ சோமெய் ஏறத்தாழ 1155-இல், அந்நாளைய தலைநகரான கியோட்டோவில், காமோ திருக்கோயிலின் பூசகர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். கவிதையிலும் இசையிலும் வல்லவரான அவரை, பதவி துறந்த பேரரசர் கோ-தோபா 1201-இல் அரண்மனைக் கவிதை மன்றத்தில் அமர்த்தினார். தம் குலத்தோடு தொடர்புடைய கோயிற் பதவி ஒன்றை அவர் பெரிதும் விரும்பினார். உறவினர் ஒருவரின் எதிர்ப்பால் அது கைகூடவில்லை. ஐம்பது வயதை ஒட்டி முடி களைந்து பௌத்தத் துறவியானார். சில ஆண்டுகளுக்குப் பின் ஹினோ மலையில் ஒரு சிறு குடில் அமைத்தார். அக்குடிலிலிருந்து எழுந்ததே இந்நூல். 1216-இல் அவர் காலமானார்.

இவ்வாழ்க்கைக் குறிப்பில் ஆண்டுகளின் வரிசை கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் நூலில் விவரிக்கும் பேரிடர்கள் யாவும் 1177-க்கும் 1185-க்கும் இடையில் நிகழ்ந்தவை. அப்போது அவர் முப்பது வயதை ஒட்டிய இளைஞர். அவர் துறவு பூண்டதோ 1204-ஆம் ஆண்டை ஒட்டி. இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். நெருப்பையும் நிலநடுக்கத்தையும் கண்ட மாத்திரத்தில் அவர் உலகைத் துறந்துவிடவில்லை. கவிதைப் போட்டிகளில் கலந்துகொண்டார், பதவியை நாடினார், அது கிட்டாதபோது வருந்தினார். பேரிடர் பற்றினை அறுக்கும் என்பது உண்மையானால், அறுப்பதற்கு அது இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்றே கூற வேண்டும்.

பேரிடர்களில் பொருளின் கதி

நூல் ஓடும் ஆற்றையும் அதில் தோன்றி மறையும் நுரையையும் காட்டித் தொடங்குகிறது. ஆயின் விரைவிலேயே உவமையை விட்டு நிகழ்ச்சிக்கு வந்துவிடுகிறது. 1177-இன் பெருந்தீ, 1180-இன் சூறாவளி, அதே ஆண்டில் தலைநகர் மாற்றம், 1181, 1182-ஆம் ஆண்டுகளின் பஞ்சம், 1185-இன் நிலநடுக்கம் என ஐந்து துன்பங்களைச் சோமெய் அடுக்கிக் காட்டுகிறார். அவற்றுள் தலைநகர் மாற்றம் இயற்கையின் செயல் அன்று, ஆட்சியாளரின் செயல். அதனையும் அவர் மற்றவற்றோடு சேர்த்தே வைத்தார். வீடு இழந்தவனுக்குக் காற்றும் ஆணையும் ஒன்றே என்பது அவர் கருத்துப் போலும்.

இவ்விவரிப்பில் சோமெய் ஒரு புலவரைப்போல் அன்றி, நிலம் அளப்பவரைப்போல் எழுதுகிறார். தீ எந்தத் திசையில் தோன்றியது, எந்தத் திசை நோக்கி விரிந்தது, விசிறியைப்போல் எவ்வாறு அகன்றது என்று வரைந்து காட்டுகிறார். உயர்குடியினரின் மாளிகைகள் பதினாறு எரிந்தன என்கிறார். நகரின் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது என்கிறார். இத்தகைய நகரில் வீடு கட்டுவதற்காகச் செல்வத்தைக் கொட்டி மனத்தை வருத்திக்கொள்வதே மனிதரின் மடமைகளில் தலையாயது என்பது அவர் முடிவு. எண்ணிக்கைக்குப் பின்னரே முடிவு வருகிறது. பேரிடரைப் பற்றி எழுதப் பழகும் மாணவர் முதலில் கற்க வேண்டிய ஒழுங்கு இது.

பொருளின் மதிப்பு எவ்வாறு குலைகிறது என்பதைக் காட்ட அவர் தேர்ந்தெடுத்த காட்சிகள் மறக்க இயலாதவை. தலைநகர் ஃபுக்குஹாராவுக்கு மாற்றப்பட்டபோது, மக்கள் தம் வீடுகளைப் பிரித்து, மரங்களைக் கட்டி, யோடோ ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுசென்றனர். வீடு இருந்த மனைகள் வயலாயின. சில மாதங்களில் அரசவை மீண்டும் கியோட்டோவுக்கே திரும்பியது. ஆனால் பிரித்த வீடுகள் யாவும் பழையபடி எழவில்லை. வீடு என்பது ஆற்றில் மிதக்கும் மரக்கட்டு என்றாகிவிட்ட காட்சி, நிலையாமையை விளக்கும் எந்த விரிவுரையினும் வலியது.

பஞ்சக் காட்சி இதனினும் கொடிது. மக்கள் தம் அரும்பொருள்களைத் தானியத்துக்கு மாற்ற முன்வந்தனர். அவற்றை ஏறிட்டுப் பார்ப்பாரில்லை. கடைத்தெருவில் விற்ற விறகுக் கட்டுகளில் சிவப்பு வண்ணமும் பொன் தகடும் வெள்ளித் தகடும் ஒட்டிய துண்டுகள் தென்பட்டன. பிழைக்க வழியற்றோர் பழங்கோயில்களுக்குள் புகுந்து, புத்தர் சிலைகளையும் கோயிற் பொருள்களையும் உடைத்து விறகாக்கியிருந்தனர். அவ்விறகை விற்றாலும் ஒருநாள் வயிறு நிரம்பவில்லை. பொன்னின் விலை, சிலையின் தெய்வத்தன்மை, மரத்தின் விலை என்று ஒன்றன்பின் ஒன்றாக மதிப்புகள் உதிர்ந்து விழுவதை ஒரு விறகுத் துண்டிலேயே காட்டிவிடும் திறம் பாராட்டத்தக்கது.

மறதி விடுதல் ஆகாது

ஐந்தாவது துன்பமான நிலநடுக்கத்தை விவரிக்கையில்தான் சோமெய் தம் நூலின் மையத்தைத் தொடுகிறார். மலைகள் சரிந்து ஆறுகளை மூடின. கடல் நிலத்தின்மேல் ஏறியது. நகரைச் சூழ்ந்த பகுதிகளில் சேதமுறாத கோயில் ஒன்றேனும் இல்லை. பின்னதிர்வுகள் ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீடித்தன. அந்நாட்களில் மக்கள் அனைவரும் உலகப் பொருளின் வெறுமையைப் பற்றிப் பேசினர். அவர்தம் நெஞ்சின் மாசும் சற்றுக் குறைந்தாற்போல் தோன்றியது. ஆனால் நாட்கள் மாதங்களாகி, மாதங்கள் ஆண்டுகளானபின் அதனைப் பற்றி வாய்திறப்பார் ஒருவரும் இல்லை என்று அவர் குறிக்கிறார்.

இக்குறிப்பு மிகச் சிறியது. ஆயினும் நூல் முழுவதையும் தாங்கி நிற்பது. பேரிடரின் மறுநாள் எவரும் துறவியே. உயிர் பிழைத்ததே போதும், பொருள் போனால் போகட்டும் என்று சொல்லாதார் யார்? அது துறவு அன்று, அதிர்ச்சி. அதிர்ச்சி தணிந்ததும் பழைய மனம் பழைய இடத்துக்கு வந்து அமர்ந்துகொள்கிறது. பழைய இடத்திலேயே பழைய அளவில் வீடும் எழுகிறது. இழந்ததை மறப்பவன் எதையும் விட்டவன் ஆகான். மீண்டும் சேர்ப்பதற்கு ஆயத்தமானவனே ஆவான். நிலநடுக்கத்தை இறையொறுப்பாகவோ ஞானோதயமாகவோ ஆக்கிவிடாமல், மறதியின் முன் அது தோற்றதைச் சொன்ன நேர்மையால் இந்நூல் அறிவுரை நூல்களின் வரிசையிலிருந்து விலகி உயர்ந்து நிற்கிறது.

சுருங்கும் குடில்

பேரிடர்களுக்குப்பின் நூல் குடிலுக்கு வருகிறது. சோமெய் தம் தந்தைவழிப் பாட்டியின் வீட்டில் நெடுநாள் வாழ்ந்தவர். அதனைக் காத்துக்கொள்ள இயலாதுபோகவே, முப்பது வயதைக் கடந்தபின் ஆற்றை ஒட்டிச் சிறுவீடு ஒன்று கட்டினார். அது முன்னைய வீட்டின் பத்தில் ஒரு பங்கு. அறுபதை நெருங்கும் வயதில் அமைத்த குடிலோ, அதிலும் நூறில் ஒரு பங்குக்குக் குறைந்தது, பத்தடிச் சதுரம், உயரம் ஏழடிக்கும் குறைவு. பொருத்துகளைக் கொக்கிகளால் இணைத்திருந்தார். இடம் பிடிக்காவிட்டால் கழற்றி இரண்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். வண்டிக்கூலியைத் தவிர வேறு செலவில்லை.

விடுதல் ஒரே நாளில் நிகழ்வதன்று என்பதற்கு இவ்வளவுகளே சான்று. அது படிப்படியாகச் சுருங்கிவரும் கணக்கு. மேலும், ஃபுக்குஹாராவுக்கு வீடுகளைப் பிரித்துக் கொண்டுபோன மக்களின் துயரமும், கழற்றக்கூடிய குடிலின் நிம்மதியும் ஒரே செயலின் இரு முகங்கள். அங்கே பிறர் ஆணையால் வீடு பிரிக்கப்பட்டது. இங்கே பிரிப்பதற்கென்றே வீடு கட்டப்பட்டது. துன்பம் தந்த அதே செயலை விடுதலையின் வழியாக மாற்றிக்கொண்டதே சோமெய் கற்ற பாடம்.

அவர் வைத்துக்கொண்டவை எவை என்பதும் அறியத்தக்கது. அமிதாப புத்தரின் உருவம், தாமரைச் சூத்திரம், கவிதையும் இசையும் பற்றிய குறிப்புகளும் சமயநூற் பகுதிகளும் அடங்கிய மூன்று தோற்கூடைகள், கோட்டோ, பிவா என்னும் நரம்புக் கருவிகள், காய்ந்த பெரணியைப் பரப்பிய படுக்கை. அந்த இசைக்கருவிகளும் மடக்கவும் கழற்றவும் கூடியவை. எல்லாவற்றையும் விட்டவர் என்று தம்மைக் காட்டிக்கொள்ளாமல், விடாதவற்றின் பட்டியலை முன்வைப்பது இந்நூலின் மற்றொரு நேர்மை.

இறுதி வினா

குடில் வாழ்வின் இனிமையை வாயூறச் சொல்லிவந்த நூல், முடிவில் திடுமெனத் திரும்புகிறது. எதனிடத்தும் பற்று வையாதே என்பது புத்தரின் போதனை. அவ்வாறாயின் இக்குடிலை விரும்புவதும் பற்றன்றோ, இதன் அமைதியில் தோய்வதும் தடையன்றோ என்று சோமெய் தம் நெஞ்சை வினவுகிறார். தோற்றத்தில் துறவி, உள்ளத்தில் மாசு படிந்தவன் என்று தம்மையே குற்றஞ்சாட்டுகிறார். நெஞ்சு விடை கூறவில்லை. அமிதாபரின் திருப்பெயரை இரண்டு மூன்று முறை நாவால் உச்சரித்ததோடு நூல் முடிந்துவிடுகிறது.

இம்முடிவு சோர்வான முடிவு என்று சிலர்க்குத் தோன்றலாம். அவ்வாறன்று. மாளிகையை விட்டவன் குடிலைப் பற்றிக்கொள்கிறான். பொருளை விட்டவன், தான் பொருளை விட்டவன் என்னும் பெருமையைப் பற்றிக்கொள்கிறான். இக்கடைசிப் பற்றினைக் கண்டுகொண்ட எழுத்தாளர் சிலரே. அதனைத் தம்மிடமே கண்டு, மறைக்காமல் எழுதியவர் அவரினும் சிலர்.

தமிழ் மாணவர் இங்குத் திருக்குறளின் அதிகார வைப்பை எண்ணிப்பார்த்தல் நலம். நிலையாமை 34-ஆம் அதிகாரம், துறவு 35, மெய்யுணர்தல் 36, அவா அறுத்தல் 37. துறவுக்குப் பின்னரே அவா அறுத்தல் வைக்கப்பட்டுள்ளது. பொருளை விடுவது நடுவழி. ஆசையை அறுப்பது அதற்கும் அப்பாற்பட்டது என்பது இவ்வைப்பால் பெறப்படும். பொருள் ஒன்றையேனும் வைத்துக்கொண்டால் அது மீண்டும் மயக்கத்துக்கு இழுத்துச்செல்லும் என்னும் வள்ளுவர் கண்டிப்பின் முன், சோமெயின் நரம்புக் கருவிகள் தேறமாட்டா. ஆயினும், 35-ஆம் அதிகாரத்தைக் கடந்து 37-ஆம் அதிகாரத்தின் வாயிலில் தடுமாறி நிற்கும் ஒரு மனிதனின் உண்மையான குரலாக ஹோஜோக்கியைப் படிக்கலாம்.

நூலின் குறையும் அதன் மருந்தும்

சிறந்த நூலுக்கும் குறை உண்டு. சோமெய் விவரிக்கும் ஆண்டுகளில்தான், 1180 முதல் 1185 வரை, தைரா, மினமோத்தோ குலங்களுக்கிடையே உள்நாட்டுப் போர் மூண்டது. அப்போரைப் பற்றி நூல் பேசவில்லை. தலைநகரை மாற்றிய கியோமோரியின் பெயரையும் சொல்லவில்லை. அடுப்புப்புகை மெலிந்ததைக் கண்டு வரியைத் தள்ளுபடி செய்த பண்டை மன்னரை நினைவூட்டுவதோடு அமைகிறார். அது குறிப்பால் உணர்த்திய கண்டனம் என்று கொள்ளலாம். எனினும் பஞ்சத்தில் மனிதர்க்கும் பங்குண்டு என்பது அவ்வளவில் மங்கிவிடுகிறது.

மற்றொரு குறை, துறவு அவர்க்கு எளிதாக இருந்தமை. மனைவி மக்கள் இல்லை, பதவியும் ஊதியமும் இல்லை, ஆகவே விடுவதற்கு அரிதானது எதுவும் இல்லை என்பதை அவரே கூறுகிறார். அவர் வைத்துக்கொண்ட பிவா அவர்க்கே இசைத்தது. தமிழின் பௌத்தக் காப்பியமான மணிமேகலையிலும் புகார் நகரைக் கடல் கொண்ட செய்தி வருகிறது. அங்கும் துறவே பேசப்படுகிறது. ஆனால் மணிமேகலையின் கையில் எஞ்சிய ஒரே பொருள் அமுதசுரபி. அது பிறர் பசிக்கு ஆனது. துறவறவியலை வள்ளுவர் அருளுடைமையில் தொடங்கியதன் காரணமும் இங்கு விளங்கும். ஒரே சமயத்தின் வழிவந்த இரு நூல்களில், ஒன்று குடிலில் முடிகிறது. மற்றொன்று அறச்சாலைக்குச் செல்கிறது.

ஆயினும் இக்குறைக்கு மருந்து அந்நூலிலேயே இருக்கிறது. பஞ்சத்தின்போது நின்னாஜி மடத்துத் துறவி ரியூக்யோ தெருத்தெருவாய்ச் சென்றார். இறந்து கிடந்தோர் ஒவ்வொருவரின் நெற்றியிலும் ‘அ’ என்னும் எழுத்தை எழுதினார். இரண்டு மாதங்களில், நகரின் கிழக்குப் பகுதியில் மட்டும், அவ்வாறு எண்ணப்பட்டோர் 42,300-க்கு மேற்பட்டவர். அவர் எழுதியது இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சென்ற சித்த எழுத்தின் முதலெழுத்து. தமிழ் எழுத்தைப்போலவே பிராமியின் வழிவந்தது. அகரத்தை முதலாகக் கொண்ட மொழியினர் இச்செய்தியை எளிதில் கடந்துசெல்ல இயலாது.

அதே பகுதியில் மற்றொரு செய்தியும் உண்டு. ஒருவரையொருவர் பிரியாத இணைகளுள், அன்பு மிகுந்தவரே முதலில் இறந்தனர். கிடைத்த சிறு உணவையும் மற்றவர்க்கே ஈந்தமையால். பெற்றோர் பிள்ளைகளுக்கு முன்பே மாண்டனர். இங்கே சோமெயின் கொள்கையைச் சோமெயின் சான்றே மறுத்துரைக்கிறது. கடைசிக் கவளத்தையும் விட்டுக்கொடுக்கச் செய்தது பற்றின்மை அன்று, பற்றே. பொருளின்மேல் உள்ள பற்றும் உயிரின்மேல் உள்ள அன்பும் ஒன்றல்ல. முன்னதை விடுவதற்குப் பின்னதே ஆற்றல் தருகிறது. குடிலில் காணாத விடையைப் பஞ்சத்தெருவில் அவர் ஏற்கெனவே கண்டு எழுதிவிட்டார். தாம் எழுதியதன் ஆழத்தை அவர் அறிந்தாரோ, இல்லையோ!

இன்றைய பொருத்தம்

ஃபுக்குஹாரா இன்றைய கோபே நகரின் பகுதி. அக்கோபே நகரை 1995 சனவரி 17-இல் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். தம் சொந்த வீட்டின் அடியில் நசுங்கியோரே அவர்களுள் மிகப் பலர். 2011 மார்ச் 11-இன் ஆழிப்பேரலைக்குப்பின், ஹோஜோக்கி மீண்டும் பரவலாகப் படிக்கப்பட்டது. அப்போது தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து எடுத்த குடும்பப் புகைப்படங்களை நீரில் கழுவி, உலர்த்தி, உரியவரிடம் சேர்த்தனர். வீட்டை விட்டவரும் விடமுடியாத பொருள் அது. பொருளாயினும் அன்பின் பக்கத்தைச் சேர்ந்தது.

மலேசியத் தமிழர்க்கும் இது தொலைவான செய்தி அன்று. 2014 திசம்பரில் கிளந்தானிலும், 2021 திசம்பரில் சா ஆலம் ஸ்ரீ மூடாவிலும் வெள்ளம் வடிந்தபின், நனைந்த மெத்தையும் அலமாரியும் பாடநூலும் வீட்டுக்கு வீடு வாசலில் குவிந்தன. மாதத் தவணையில் வாங்கிய பொருளை இழந்து நிற்பவரிடம் சென்று நிலையாமை பேசுவது அறமாகாது. இழப்பவர் ஒருவர், துறவைப் போதிப்பவர் மற்றொருவர் என்றால், அங்கே விடுதல் இல்லை, இரக்கமின்மையே உண்டு. சோமெய் எவர்க்கும் போதிக்கவில்லை என்பதை ஆசிரியர்கள் மறத்தலாகாது. அவர் வினவியது தம் நெஞ்சை மட்டுமே.

ஆகவே நிலையாமை அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், இந்நூலின் பஞ்சப் பகுதியையும் இறுதிப் பகுதியையும் உடன்வைத்துக் கற்பிக்கலாம். இழந்தவை எவை, மறந்தவை எவை, மனமறிந்து விட்டவை எவை என்று மாணவர் பிரித்து எழுதிப் பழகலாம். பொருள் நில்லாது என்னும் ஒரு வரியை மனப்பாடம் செய்வதினும் அது கடினமான பயிற்சி. வெள்ளம் வீட்டைத் தேடிவரும் நாளில், எதை விட்டுவிட்டு யாரைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவது என்று தெரிந்திருக்க அப்பயிற்சியே உதவும்.